கடைசி ஆள் வரும்வரை தூங்காத ஊர்

பசிபிக் பெருங்கடலின் நடுவே, எந்தக் கண்டத்துக்கும் பக்கத்தில் இல்லாமல் தனித்துக் கிடப்பவை ஹவாய்த் தீவுகள். அமெரிக்காவின் 50-வது மாநிலம். அவற்றில் மிகப் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான். குழப்பம் வரக்கூடாது என்று எல்லோரும் அதை 'பிக் ஐலண்ட்' என்கிறார்கள். அந்தத் தீவின் மேற்குக் கரையில் இருக்கிறது கைலுவா-கோனா. 2010 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 12,000 பேர்தான் இருந்தார்கள். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் ஒரு பேரூராட்சி.

பொழுது சாய்ந்து சாப்பிட்டு முடித்ததும் அடங்கிவிடும் ஊர் இது. ஆனால், அக்டோபரில் ஒருநாள் இரவு மட்டும் தூங்காது. 'அயர்ன்மேன்' உலக சாம்பியன்ஷிப் நடக்கும் நாள் அது. கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், அடுத்து 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கும் மேல் 42.2 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டம். மூன்றையும் ஒரே மூச்சில், 17 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சைக்கிளில் போய், அங்கிருந்து இன்னும் 30 கிலோமீட்டர் மிதித்த பிறகு ஒரு முழு மாரத்தான் ஓடுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அதற்கு முன்பே கடலில் நீந்தி முடித்திருக்க வேண்டும்.

2018 அக்டோபர் 13 அன்று இந்தப் போட்டியை முடித்தவர்களில் ஒருவர் ஜப்பானிலிருந்து வந்த ஹிரோமு இனாடா. அப்போது அவருக்கு வயது 85 ஆண்டுகள், 328 நாட்கள். உலக சாம்பியன்ஷிப்பை முடித்தவர்களில் மிக மூத்தவர் என்று கின்னஸ் புத்தகம் அவர் பெயரைப் பதிந்துகொண்டது.

அறுபதில் நீச்சல், எழுபதில் டிரையத்லான்

இனாடா இளமையிலிருந்தே விளையாட்டு வீரராக இருந்தவர் அல்ல. செய்தியாளராக வேலை பார்த்தவர். டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கும் சீபாவில் வசிப்பவர். 60 வயதில் வேலையிலிருந்து விலகினார். நோயுற்றிருந்த மனைவியைக் கூடவே இருந்து கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் காரணம்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் தன் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டுமே! அதற்காக நீச்சல் பழகத் தொடங்கினார். 69 வயதில் பந்தய சைக்கிள் ஒன்று வாங்கினார். 70 வயதில் முதல் டிரையத்லானில் கலந்துகொண்டார். மனைவி இறந்த பிறகும் பயிற்சியை விடவில்லை. ஊரில் இருக்கும் டிரையத்லான் கிளப்பில் சேர்ந்து, பேரன் பேத்தி வயதுப் பிள்ளைகளோடு பயிற்சி செய்தார். எழுபதுகளின் பிற்பகுதியில் அயர்ன்மேன் தூரத்துக்கு வந்து சேர்ந்தார்.

கோனாவுக்குப் பணம் கட்டிப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. உலகின் பல ஊர்களில் நடக்கும் தகுதிப் போட்டி ஒன்றில் தகுதி பெற்றால்தான் பெரும்பாலும் அழைப்பு கிடைக்கும். அதனால் இங்கே வந்து நிற்கும் பெரும்பாலோர், அதற்கு முன்பே வேறு ஏதோ ஓர் ஊரில் இதே தூரத்தைக் கடந்து வந்தவர்கள்தான்.

கிளம்பிய நேரத்துக்கு முன்பே இறங்கும் பயணம்

ஜப்பானிலிருந்து ஹவாய்க்கு விமானத்தில் சுமார் ஏழு மணி நேரம். வழியில் சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிடுகிறது. ஜப்பானின் கடிகாரம் ஹவாயைவிட 19 மணி நேரம் முன்னால் ஓடுவது. வெள்ளிக்கிழமை இரவு டோக்கியோவில் விமானம் ஏறுபவர், அதே வெள்ளிக்கிழமை காலையில் ஹவாயில் இறங்குவார். நாட்காட்டியில் ஒருநாள் இலவசமாகக் கிடைத்த மாதிரி தோன்றும். ஆனால், உடம்பு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளாது. பகலில் கண் சொருகும், நள்ளிரவில் விழிப்பு தட்டும். அதனால்தான் பல வீரர்கள் போட்டிக்கு ஒரு வாரமோ பத்து நாளோ முன்பாகவே வந்துவிடுகிறார்கள்.

கூடவே ஒரு பெரிய பெட்டி வரும். உள்ளே, பிரித்து அடுக்கிய சைக்கிள். பெடலைக் கழற்றி, கைப்பிடியைத் திருப்பி, சக்கரங்களைத் தனியே எடுத்து, ஒவ்வொரு குழாய்க்கும் பஞ்சு சுற்றி அடைத்திருப்பார்கள். விமான நிலையத்தில் மற்றவர்கள் துணிமணிப் பெட்டிக்காகக் காத்திருக்க, இவர்கள் அந்த ஒரே பெட்டிக்காக நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். சைக்கிள் வேறு விமானத்தில் போய்விட்டால் ஒரு வருட உழைப்பும் அதோடு போய்விடுமே!

கோனா விமான நிலையமே ஓர் ஆச்சரியம். பெரும்பகுதிக்குச் சுவர் கிடையாது. காற்றோட்டமான கூரைகளின் கீழேதான் பயணிகள் காத்திருப்பார்கள். சுற்றிலும் புல் பூண்டு அதிகமில்லாத கறுப்புப் பாறை. 1801-ல் ஹுவாலாலாய் எரிமலையிலிருந்து வழிந்து வந்து உறைந்த குழம்பு அது. அதை வெடிவைத்துச் சமப்படுத்தித்தான் ஓடுபாதை போட்டார்கள்.

ஜப்பானியப் பயணி அங்கே பெயர்ப்பலகையைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். அது எலிசன் ஒனிசூகாவின் பெயரைத் தாங்கிய விமான நிலையம். 1986-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்தபோது இறந்த ஏழு பேரில் ஒருவர் அவர். கோனா பகுதியில் பிறந்த, ஜப்பானியக் குடியேறிகளின் வம்சத்தைச் சேர்ந்த பிள்ளை.

கரும்புத் தோட்டங்களில் கூலி வேலை செய்ய 1885 முதல் ஜப்பானியர்கள் கூட்டம் கூட்டமாக ஹவாய்க்குக் கப்பலேறி வந்தார்கள். அவர்களில் பல குடும்பங்கள் கோனாவின் மலைச்சரிவில் சின்னச் சின்ன காபித் தோட்டங்களைக் குத்தகைக்கு எடுத்தன. பறிப்பு நேரத்தில் வீட்டுப் பிள்ளைகளின் கையும் தேவைப்பட்டது. அதற்காகவே இந்தப் பகுதிப் பள்ளிகளுக்குப் பெரிய விடுமுறையைக் கோடையில் விடாமல் காபி பறிக்கும் பருவத்தில் விட்டார்கள். 1960-களின் இறுதிவரை இந்த வழக்கம் இருந்தது.

இன்றும் ஊர்க்கடையில் சோற்றுருண்டை கிடைக்கிறது, பெட்டிச் சாப்பாடான 'பெண்டோ' கிடைக்கிறது, சீவிய பனிக்கட்டியில் வண்ணப் பாகு ஊற்றிய 'ஷேவ் ஐஸ்' கிடைக்கிறது. எல்லாம் அந்தக் கப்பல்களில் வந்த சுவைதான். ஜப்பானிலிருந்து வரும் வீரருக்கு, ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் வாய்க்குப் பழகிய சோறு!

கடலுக்குள் ஒரு காபிக் கடை

போட்டிக்கு முந்தைய வாரம் ஊரே திருவிழாக்கோலம். படகுத்துறையை ஒட்டி இருப்பது, நாலு வீட்டு முற்றம் அளவே உள்ள ஒரு மணல்திட்டு. அதற்கு 'டிக் மீ பீச்' என்று பட்டப்பெயர். 'என்னைப் பார், என் அழகைப் பார்' என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். விடிந்ததும் கட்டுமஸ்தான வீரர்கள் அங்கே வந்து நிற்பதால் வந்த கிண்டல்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நீந்தினால் கடலில் ஒரு படகு மிதந்துகொண்டிருக்கும். அதில் சுடச்சுட காபி! போட்டி வாரத்தில் பல ஆண்டுகள் இருந்த வழக்கம் இது. நீந்திப் போய், படகைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடியே குடித்துவிட்டுத் திரும்பலாம்.

வியாழக்கிழமை இன்னொரு கூத்து. நூற்றுக்கணக்கான வீரர்கள் உள்ளாடை மட்டும் அணிந்து கடற்கரைச் சாலையில் ஊர்வலமாக ஓடுவார்கள். நீச்சலுடையோடு கடைக்குள் நுழையும் வெளியூர் வீரர்களைக் கேலி செய்ய ஆரம்பித்தது, பிறகு அறக்கொடைக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சியாக மாறிவிட்டது.

இந்தக் கூத்துக்கெல்லாம் பின்னணியில் அமைதியாக நிற்கிறது சரித்திரம். படகுத்துறையை ஒட்டியே அஹுஎனா கோயில். ஹவாய்த் தீவுகளை ஒரு குடையின்கீழ் கொண்டுவந்த முதலாம் காமேஹாமேஹா மன்னர் தன் கடைசிக் காலத்தை இங்கேதான் கழித்தார். 1819-ல் இங்கேயே இறந்தார். கடற்கரைச் சாலையின் பெயர் 'அலீ டிரைவ்'. அலீ என்றால் ஹவாய் மொழியில் தலைவர்கள், அரச குலத்தினர். 1838-ல் கட்டிய ஹுலிஹே அரண்மனை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. போட்டியின் முடிவுக்கோடும் அதே சாலையில்தான்.

ஒரு விவாதத்தில் பிறந்த போட்டி

நீச்சல் வீரருக்கு உடல்வலு அதிகமா, சைக்கிள் வீரருக்கா, ஓட்டக்காரருக்கா? ஹவாயில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் கலந்துகொண்ட இப்படியொரு விவாதம்தான் இந்தப் போட்டிக்கு விதை. ஒவாஹு தீவில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மூன்று போட்டிகளின் தூரங்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினார்கள், 12 பேர் முடித்தார்கள். 1981-ல் போட்டி பிக் ஐலண்டுக்கு இடம்பெயர்ந்தது.

1982 பிப்ரவரியில் நடந்ததுதான் இதை உலகத்துக்குத் தெரியவைத்தது. முதலிடத்தில் வந்துகொண்டிருந்த ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி, முடிவுக்கோட்டை நெருங்கும்போது கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மறுபடியும் விழுந்தார். சில அடிகள் பாக்கி இருக்கும்போது இன்னொரு பெண் அவரைத் தாண்டிப் போய் வென்றுவிட்டார். ஜூலி மாஸ் தவழ்ந்தே போய்க் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்களுக்கு வென்றவரைவிடத் தவழ்ந்தவர்தான் மனதில் நின்றார். கோனாவின் குணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கறுப்புச் சாலையும் பொல்லாத காற்றும்

போட்டி நாள் காலை, சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் நேரத்தில் நீச்சல் தொடங்கும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதால் மிதக்க உதவும் ரப்பர் உடைக்கு இங்கே அனுமதி இல்லை. கீழே பார்த்தால் பவளப்பாறையும் வண்ண மீன்களும் தெரியும். ரசிக்க நேரம் இருக்காது. 2 மணி 20 நிமிடத்துக்குள் கரையேறாவிட்டால் அத்தோடு சரி.

அடுத்து சைக்கிள். முதலாம் காமேஹாமேஹாவின் மனைவி காஹுமானு ராணியின் பெயரிலான நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிப் பயணம். இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் கறுத்த எரிமலைப் பாறை. வெயில் மேலிருந்தும் அடிக்கும், பாறையிலிருந்தும் கிளம்பும். ஊர் இளைஞர்கள் வெள்ளைப் பவளத் துண்டுகளை எடுத்து அந்தக் கறுப்பின்மேல் அடுக்கிக் காதலியின் பெயரை எழுதி வைத்திருப்பார்கள். சாயம் பூசாத சுவரெழுத்து அது.

வெயிலைவிடப் பொல்லாதது காற்று. மலைகளுக்கு நடுவிலிருந்து திடீரென்று பாய்ந்து வரும் இந்தக் காற்றுக்கு உள்ளூரில் 'முமுக்கு' என்று பெயர். ஹாவி என்ற சிற்றூர்வரை ஏறிப்போய்த் திரும்பும் வழியில் அது பக்கவாட்டில் மோதும்போது, வீரர்கள் சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி ஓட்டுவார்கள். நேரம் ஆக ஆகக் காற்றும் கூடும். அதனால் வேகமாகப் போகிறவரைவிட மெதுவாகப் போகிறவருக்கே கஷ்டம் அதிகம். இளைஞர் ஒருவர் அமைதியான காற்றில் கடந்த அதே சாலையை, எண்பது வயதுக்காரர் எதிர்காற்றில் கடக்க வேண்டியிருக்கும்.

சைக்கிளை விட்டு இறங்கினால் மாரத்தான். அதன் பிற்பகுதியில் 'எனர்ஜி லேப்' வளாகத்துக்குள் இறங்கி ஏற வேண்டும். ஆழ்கடலில் சுமார் 900 மீட்டருக்குக் கீழிருந்து குளிர்ந்த நீரைக் குழாயில் இழுத்து, கடலின் வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்க ஆராய்ச்சி செய்த இடம். குழாய்க்குள் குளிர்ந்த தண்ணீர், வெளியே காற்றே இல்லாத புழுக்கம். பலர் மனமொடிவது இங்கேதான்.

பின்தங்கியவர்கள் அங்கே வரும்போது இருட்டிவிடும். நெடுஞ்சாலையின் நீண்ட பகுதிகளில் விளக்கு கிடையாது. வாகனம் தெரிந்து விலக வேண்டும் என்பதற்காக வீரர்களுக்கு ஒளிரும் வளையங்கள் கொடுப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மின்மினிகள் வரிசையாக நகர்வதுபோல் இருக்கும். ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒரு மேசை. தண்ணீர், பனிக்கட்டி, கோலா, ராத்திரியானால் சூடான சூப். கொடுப்பவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாலும் கடைசி ஆள் கடக்கும்வரை மேசையை மடக்கமாட்டார்கள்.

ஐந்து விநாடி

2012-ல் இனாடா 80 முதல் 84 வரையிலான வயதுப் பிரிவில் இங்கே முதலிடம் பெற்றார். உண்மையில் அவருக்கு 80 நிரம்ப இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் லூ ஹாலண்டர் 82 வயதில் முடித்து, மிக மூத்தவர் என்ற சாதனையைத் தன்வசம் வைத்திருந்தார்.

2015-ல் இனாடாவுக்கும் 82 வயது. காலையில் தொடங்கியவர் நள்ளிரவு நெருங்கும்போது அலீ டிரைவுக்குள் திரும்பினார். இரண்டு பக்கமும் ஜனம். முடிவுக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது, மேலே கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சில மீட்டரே பாக்கி. கால்கள் ஒத்துழைக்கவில்லை, விழுந்தார். எழுந்து மீண்டும் நகர்ந்து கோட்டைத் தாண்டினார். ஐந்து விநாடி தாமதம்.

அவ்வளவுதான். ஒரு முறை மூச்சை இழுத்து விடும் நேரம். பகல் முழுவதும், ராத்திரி பாதியும் ஓடிவந்த மனிதருக்கு அந்த ஆண்டு முடிவுப் பட்டியலில் இடம் இல்லை. இந்தப் போட்டியின் விதி இதில் யாருக்கும் இரங்காது. எண்பது வயதுக்கு ஒரு கடிகாரம், இருபது வயதுக்கு ஒரு கடிகாரம் என்று கிடையாது.

'போதும் தாத்தா, வீட்டில் உட்காருங்கள்' என்று யாரும் சொல்லியிருந்தால் அதில் தப்புச் சொல்ல முடியாது. அவர் சீபாவுக்குத் திரும்பி மறுபடியும் பயிற்சிக்குப் போனார். அடுத்த ஆண்டே மீண்டும் கோனா. 2016-ல், 83 வயதில், 16 மணி 49 நிமிடம் 13 விநாடியில் முடித்தார். ஹாலண்டரின் சாதனை அவர் கைக்கு வந்தது.

வென்றவரும் கடைசியில் வந்தவரும்

2018-ல் அவர் திரும்ப வந்தபோது தீவு ஒரு பெரிய அடியிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. அந்த ஆண்டு மே மாதம் தீவின் மறுபக்கத்தில் கீலவேயா எரிமலை வெடித்து, 700-க்கும் மேற்பட்ட வீடுகளை நெருப்புக் குழம்பு விழுங்கியிருந்தது. சீற்றம் அடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

போட்டி நாளன்று காற்று வழக்கத்தைவிடச் சாதுவாக இருந்தது. ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே 7 மணி 52 நிமிடம் 39 விநாடியில் வென்றார். கோனாவில் எட்டு மணி நேரத்துக்குள் முடித்த முதல் மனிதர். முடிவுக்கோட்டிலேயே தன் காதலியிடம் 'என்னைத் திருமணம் செய்துகொள்வாயா' என்று கேட்டார். அவரும் சம்மதிக்க, கூட்டம் ஆர்ப்பரித்தது.

அந்த நேரத்தில் இனாடாவுக்கு இன்னும் ஒன்பது மணி நேர வேலை பாக்கி இருந்தது. சூரியன் சுமார் ஆறு மணிக்குக் கடலில் இறங்கிவிடும் பருவம். ஆகவே, மாரத்தானின் பெரும்பகுதியை அவர் இருட்டில்தான் ஓடியிருக்க வேண்டும். கோட்டைத் தொட்டபோது 16 மணி 53 நிமிடம் 49 விநாடி. கெடுவுக்கு ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே மிச்சம்.

மனைவியைக் கவனித்துக்கொள்ளத் தெம்பு வேண்டும் என்று குளத்தில் இறங்கிய ஒருவர் வந்து சேர்ந்த இடம் இது. காலையில் தொடங்கிய அதே கடற்கரையில், ஒரு வாலிபர் புதுவாழ்க்கைக்குச் சம்மதம் வாங்கிய அதே கோட்டில்.

இந்த ஓட்டங்கள் யாரையோ எங்கேயோ தொட்டிருக்கின்றன. 2025-ல் கோனாவில் பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 80 வயது அமெரிக்கப் பெண்மணி நாட்டலி கிரேபோ அதை முடித்தார். பெண்களில் மிக மூத்தவர். 60-ஐ நெருங்கும் வயதில்தான் அவரும் நீச்சலே கற்றுக்கொண்டார்.

கோனாவுக்குப் போகிறவர்களுக்கு

2023 முதல் மூன்று ஆண்டுகள் ஆண்கள், பெண்கள் போட்டிகளைப் பிரித்து, கோனாவிலும் பிரான்ஸின் நீஸ் நகரிலும் மாறி மாறி நடத்தினார்கள். 2026 அக்டோபரிலிருந்து இரண்டையும் மீண்டும் கோனாவில் ஒரே நாளில் நடத்துவதாக அறிவித்திருக்கிறார்கள்.

அந்தச் சமயம் ஹவாய்க்குப் போக வாய்ப்பு கிடைத்தால், விடியற்காலையில் படகுத்துறையில் இடம்பிடிக்க முட்டி மோதத் தேவையில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, மலைச்சரிவில் ஒரு காபித் தோட்டம் பார்த்து, மாலையில் கடற்கரையில் சூரியன் மறைவதை ரசியுங்கள். ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டுப் பத்து, பத்தரை மணிக்கு அலீ டிரைவுக்கு நடந்து போங்கள். சாலையோரம் நின்று பார்க்கக் கட்டணம் கிடையாது.

கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள், காலையில் சூப் கலக்கிய பாட்டிமார்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். பிற்பகலில் வென்ற சாம்பியன்களும் குளித்து உடைமாற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். கடைசி ஆட்களின் கழுத்தில் மாலை போடுவது பல ஆண்டுகளாக அவர்கள் வேலை. கோட்டைத் தாண்டும் ஒவ்வொருவரையும் இரண்டு தன்னார்வலர்கள் தோளில் தாங்கிக்கொள்வார்கள்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு ஒளிவளையம் திரும்பி வருவது தெரிந்தால் கைதட்டத் தொடங்குங்கள். பெயர் தெரிய வேண்டியதில்லை, எந்த நாடு என்றும் தெரிய வேண்டியதில்லை. அவருக்கு அந்த நேரத்தில் ஐந்து விநாடி ரொம்பப் பெரிசு.